வீட்டுக்கு ஒரு வெட்டி

எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று இருந்தது. கெட்ட வார்த்தை இல்லை. ஒடுகத்தூர் கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற கூட்டத்திலும் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான். வெட்டி. வெட்டியாக உட்கார்ந்திருக்கிறான், வெட்டியாகச் சுற்றுகிறான், வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எங்கள் வீட்டுக்குள் மட்டும் சொல்லக் கூடாது.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் குரலை உயர்த்த மாட்டார். எங்களை அடித்ததும் கிடையாது. நான் பன்னிரண்டாவது முடித்து ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தபோது ஒருநாள் டூட்டி முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்தபடி, இன்னைக்கு இன்னா பண்ணே என்று கேட்டார். வெட்டியாத்தான் இருந்தேன் என்றேன். கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"அந்தப் பேச்சு இந்த வூட்ல வேணாம்" என்றார். சத்தமாகக்கூட இல்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மாவிடம் காரணம் கேட்டேன். அவருக்குப் புடிக்கல, வுடு என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. நானும் தம்பியும் நாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். அப்பா உழைப்பாளி, அவருக்குச் சோம்பேறித்தனம் பிடிக்காது, அதனால் சோம்பேறிக்கான வார்த்தையும் பிடிக்காது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 'சும்மா இருக்கேன்' என்று சொல்லப் பழகிக்கொண்டோம். அதே அர்த்தம்தானே, அதற்கு மட்டும் ஏன் அவர் கோபப்படவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பிறகு நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்து, தையல் பிரிவில் சூப்பர்வைசர் ஆனேன். கல்யாணம் ஆயிற்று. மனைவி நர்சு. அவளுக்கு ஜவ்வாது மலையில், காவலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் போஸ்டிங் கிடைத்தது. வாரம் முழுக்க அவள் மேலே, நான் கீழே. மகள் வேலூரில் ஹாஸ்டலில். சனிக்கிழமை சாயங்காலம் நான் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறுவேன், திங்கள் காலையில் இறங்குவேன். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. எங்கள் லைனையே நிறுத்திவிட்டார்கள்.

ஆம்பூரில் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்துவிட்டு மேலேயே போய்விட்டேன். சமைப்பது, தண்ணீர் பிடிப்பது, தூரத்துக் குடிசைகளுக்குப் போகவேண்டிய நாளில் மனைவியை வண்டியில் கொண்டுபோய் விடுவது, இதெல்லாம் என் வேலை. கூட வேலை பார்த்தவர்கள் போன் பண்ணி, இப்ப இன்னா பண்றே என்று கேட்டால், "வெட்டி ஆபீசர்" என்பேன். அப்பாவின் காதுக்கு எட்டாத தூரத்தில் அந்த வார்த்தையைச் சொல்வதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகைக் கடைசி வரைக்கும் விடவில்லை. ஓடைக்கு அப்பால் இருக்கிற குடியிருப்புக்குப் போகிற பாதையில் பாறை உருண்டு, மண் சரிந்து, வண்டி போக முடியாமல் ஆகிவிட்டது. மழை ஓய்ந்த பிறகு ஒரு சாயங்காலம், பக்கத்து நிலத்துக்காரர் வந்து எங்கள் வேலிப்படலுக்கு வெளியே நின்றார். சாமை போடுகிறவர், நாலைந்து புளியமரமும் உண்டு. என் வயதுதான் இருக்கும். மனைவியை அவர் நர்சம்மா என்பார், என்னை சார் என்பார்.

"சார், நாளைக்குக் காலைல வெட்டி. வூட்டுக்கு ஒருத்தர் வரணும். நர்சம்மாவுக்கு வேலை இருக்கும். நீங்க வந்துருங்க."

எனக்கு ஒரு கணம் முகம் சூடாகிவிட்டது. நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டுக் கிண்டல் செய்கிறாரோ என்று தோன்றியது. உள்ளே மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஆனால் அந்த மனிதர் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. இன்னா வெட்டி என்று கேட்டேன். தண்ணி என்றால் என்ன என்று கேட்ட ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

பாதை போய்விட்டது, அதைச் சரி செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்றார். நூறு நாள் வேலையா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "அது சம்பள வேலை. போட்டோலாம் புடிப்பாங்க. இது வெட்டி. யாரும் யாருக்கும் குடுக்கறது இல்ல."

மறுநாள் போனேன். ஊரில் பாதிக்குமேல் அங்கே இருந்தார்கள். கடப்பாரை, அரிவாள், மண்வெட்டி, இரும்புச் சட்டி என்று அவரவர் வீட்டில் இருந்ததைக் கொண்டு வந்திருந்தார்கள். புருஷன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்த பெண்கள், வீட்டுக்கு ஒருத்தர் கணக்கில் தாங்களே வந்திருந்தார்கள். நான் மண்வெட்டி பிடித்த லட்சணத்தைப் பார்த்து ஒரு பெண் சிரித்தே விட்டாள். பிறகு என்னைக் கல் கைமாற்றுகிற வரிசையில் நிறுத்தினார்கள். அங்கே பெரிய திறமை வேண்டியதில்லை, நகர்ந்து வருகிற கல்லை வாங்கி அடுத்தவரிடம் தள்ளினால் போதும்.

அன்று முழுவதும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். போன வெட்டிக்கு மழை இல்லை, அதனால் சீக்கிரம் முடிந்தது. இன்னார் வெட்டிக்கு வரமாட்டார், கேட்டால் இடுப்பு வலி என்பார். பொண்ணு கேட்டுப் போன இடத்தில், மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வெட்டிக்கு ஒழுங்காகப் போவார்களா என்று விசாரித்தார்களாம். எனக்கு வேடிக்கையாக இருந்தது. கீழே ஒருத்தனை வெட்டி என்றால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். இங்கே வெட்டிக்குப் போகாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

மத்தியானம் ஒரே அடுப்பில் வடித்த சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். சாப்பிடும்போது பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டேன். மண்ணை வெட்டுகிறதால்தான் வெட்டி என்று பேர் வந்ததா?

அவர் மென்றுகொண்டே யோசித்தார். கல் தூக்குவதும் வெட்டிதான், திருவிழாவுக்குப் பந்தல் போடுவதும் வெட்டிதான், அதில் எங்கே வெட்டுகிறோம் என்று திருப்பிக் கேட்டார். மலை முழுக்க இப்படித்தான் சொல்வார்களா, இந்த ஊரில் மட்டுமா என்று கேட்டதற்கு, மத்த ஊரைப் பற்றி நான் எப்படிச் சொல்ல முடியும் என்று இலையை மடித்து எழுந்துவிட்டார்.

வேலை இல்லாதவனுக்கு ஒரு விஷயம் மாட்டினால் விடமாட்டான். உள்ளங்கையில் கொப்புளம் ஆறுகிற வரைக்கும் வீட்டில் உட்கார்ந்து போனில் தேடினேன். அகராதியில் அந்த வார்த்தைக்கு நேரே இரண்டு அர்த்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கூலி இல்லாமல் செய்யும் வேலை. பயனில்லாதது. ராஜாக்கள் காலத்துக் கல்வெட்டுகளில், ஊர் செலுத்த வேண்டிய வரிகளைச் சொல்லும்போது வெட்டி என்றும் ஒன்று வருகிறதாம். காசாகவோ நெல்லாகவோ இல்லாமல் உடம்பால் கட்ட வேண்டிய வரி. ஏரி மதகு, கோட்டைச் சுவர், கோயில் மதில், எதற்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். நான் இத்தனை நாளாக வேலை இல்லாதவன் என்கிற அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தது, உண்மையில் முதுகு ஒடிகிற வேலையின் பெயர்.

ஆம்பூரில் எனக்குப் பக்கத்து லைனில் சூப்பர்வைசராக இருந்த நண்பருக்குப் போன் பண்ணினேன். அவர் வீட்டில் உருது பேசுவார்கள். உங்க பாஷையில் இதற்கு என்ன என்று கேட்டதும், பேக்கார் என்றார். சும்மா சுற்றுகிறவன் பேக்கார். கூலி கொடுக்காமல் அடித்து வாங்குகிற வேலைக்கும் ஒரு வார்த்தை இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, அது பேகார் என்றார். பிறகு அவரே வியந்துபோய் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். அவர் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டு, அவர்கள் பாஷையில் வெட்டி சாகிரி என்றாலே அடிமை மாதிரி உழைப்பதுதான், அதில் சிரிப்பு ஒன்றும் இல்லை என்றார்.

கடைசியில், "இதுக்கா போன் பண்ணே? நான் வேலைக்கு ஏதோ சொல்லப்போறேன்னு பார்த்தேன்" என்றார். அவருக்கும் அப்போது வேலை இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கியபடியே இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதுதான் சரியான வெட்டி வேலை என்றாள்.

எனக்கு ஒன்று விளங்குவதுபோல இருந்தது. அதிகாரம் உள்ளவன் கூப்பிட்டு, வேலையை வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு அனுப்பினால், செய்தவன் வீட்டுக்கு வந்து அது வெட்டி வேலை என்றுதானே சொல்வான்? அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்படித்தான் கூலியில்லாதது பயனில்லாததாக மாறியிருக்க வேண்டும். இந்த ஊரிலோ, செப்பனிட்ட பாதையில் செப்பனிட்டவர்களே நடக்கிறார்கள், அதனால் வார்த்தை கெட்டுப்போகவில்லை. இது என் யூகம்தான். படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

பொங்கல் முடிந்து அப்பா மலைக்கு வந்தார். அம்மா போன பிறகு அவர் ஒடுகத்தூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். எப்போதாவது எங்களிடம் வந்து ஒரு மாதம்போல இருப்பார். ரெண்டு பஸ் மாறி வருவார், வந்து இறங்கியதும் அந்த ரெண்டு பஸ்ஸின் கண்டக்டர்களும் செய்த தப்புகளைச் சொல்லித் தீர்ப்பார். அப்புறம்தான் காபி.

புளி பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம். பக்கத்து நிலத்துக்காரர் எங்களுக்கு ஒரு கூடை புளி கொடுத்திருந்தார். காலை வெயிலில் வாசலில் சாக்கை விரித்து, நானும் அப்பாவும் ஓட்டைத் தட்டி நாரை உருவிக்கொண்டிருந்தோம். பக்கத்து நிலத்துக்காரர் வழியே போனவர், அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைப் பார்த்து, பங்குனியில் ஊற்று தூர்வார ஒரு வெட்டி வரும் சார், இப்பவே சொல்லிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவின் கை நின்றது. எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"இன்னா சொல்லிட்டுப் போறான்?" என்றார்.

சொன்னேன். பாதை போட்டதைச் சொன்னேன், அகராதியைச் சொன்னேன், ராஜாக்களின் வரியைச் சொன்னேன், பேகார் பேக்காரைச் சொன்னேன். பேசுகிற உற்சாகத்தில் அவர் முன்னால் அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. பாதியில்தான் உறைத்தது, நிறுத்தினேன். அவர் ஒரு புளியம்பழத்தின் ஓட்டை, ஏற்கெனவே உரித்து முடித்ததை, விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா வெட்டி" என்றார்.

வேலைக்குப் போகாமல் இருந்தாரா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து தாத்தா அப்படி இல்லை.

"வேலைதான்டா வெட்டி."

அப்புறம் அவர் சொன்னதை நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். அப்பா பிறந்தது படவேட்டுப் பக்கம், நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். எங்களை அவர் ஒருமுறைகூட அங்கே கூட்டிப் போனதில்லை. அந்தக் காலத்தில் ஊருக்குக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர், தலையாரி என்று ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கீழே வெட்டி என்று ஒரு ஆள். அது பரம்பரையாகக் காலனிக்காரர்களுக்கு வந்த வேலை. ஏரி மதகைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதிகாரி வந்தால் பெட்டி தூக்க வேண்டும். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், திரும்பி வந்து குழியும் வெட்ட வேண்டும். வரி கட்டாதவன் வீட்டு மாட்டை ஓட்டி வர வேண்டும், அந்த வீட்டுக்காரன் திட்டுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டு ஓரத்தில் துண்டை விரித்து நின்றால் நெல் போடுவார்கள். கொடுக்கிறவன் மனசுதான் அளவு.

தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியும். ஒடுகத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் சிலுவைக்குக் கீழே பொறித்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அவரை ஊரில் யாரும் கூப்பிட்டதே இல்லை என்பது எனக்குத் தெரியாது. தெருவில் சின்னப் பையன்கள்கூட ஏ வெட்டி என்றுதான் கூப்பிடுவார்களாம். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் வாத்தியார் உங்கப்பன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். அப்பா வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து பையன்கள் பதில் சொல்லிவிட்டார்கள். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

அப்பா வளர்ந்து, படித்து, கண்டக்டர் வேலைக்கு வந்து, கல்யாணம் செய்து, தன் அப்பா அம்மாவை ஒடுகத்தூருக்குக் கூட்டி வந்துவிட்டார். எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். அங்கே கோயில் சாமியார், தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, முதல் தடவை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லையாம். வேறு யாரையோ என்று நினைத்துக்கொண்டாராம்.

கொஞ்ச நேரம் இருவரும் புளியை உரித்தோம். அப்பாவே மறுபடி பேசினார்.

"காலைலேர்ந்து ராவு வரைக்கும் ஓடின மனுசன். உக்காந்து நான் பார்த்ததே இல்ல. அவரு பேர எடுத்து, வேலை செய்யாதவனுக்கு வச்சிட்டானுங்க. ரிசல்ட்டுக்குக் காத்துனு வூட்ல உக்காந்துனு நீ அதச் சொன்னே பாரு, எனக்குச் சோறு எறங்கல."

அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். சோம்பேறித்தனம் பிடிக்காததால்தான் அப்பாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை என்று தம்பியும் நானும் நினைத்தது எவ்வளவு தள்ளிப்போன யூகம். அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

அப்பா ஒடுகத்தூருக்குப் போய்விட்டு, வெயில் தாங்கவில்லை என்று பங்குனியில் மறுபடி வந்துவிட்டார். ஊற்று தூர்வாருகிற நாளைப் பக்கத்து நிலத்துக்காரர் வந்து சொன்னார். அதே நாளில்தான் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியிலிருந்து என்னை நேர்முகத்துக்கு வரச்சொல்லிச் செய்தி வந்தது. மனைவிக்கு அன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற முகாம். எங்கள் வீட்டிலிருந்து போக ஆள் இல்லை. அடுத்த வெட்டிக்கு ரெண்டு நாளாக வந்துவிடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டோம். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாள் விடிந்ததும் நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அப்பா வாசலில் நின்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டி அவர் கையில் இருந்தது. எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துரும், போடா என்றார்.

நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பது இப்போது சரியாக நினைவில்லை. மனசு ஊற்றுப் பக்கமே இருந்தது. எழுபது தாண்டிய மனிதர். சர்க்கரை வேறு. அதைவிட, அங்கே நாள் முழுக்க அந்த வார்த்தையைத்தான் பேசுவார்கள். கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்திருப்பாரோ, யாரையாவது ஏதாவது கேட்டுவிட்டிருப்பாரோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அப்பா குளித்துவிட்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். மனைவி அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டிருந்தாள். வேலை கிடைக்குமா என்று முதலில் கேட்டார். கிடைக்கும்போலத்தான் இருக்கிறது என்றேன். தலையசைத்தார். பிறகு நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

வயசானவர் என்று அவரை நிழலில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. சேற்றுச் சட்டியைக் கைமாற்றுகிற வரிசையில் போய் நின்றுகொண்டார். பக்கத்தில் பக்கத்து நிலத்துக்காரர். பேச்சுவாக்கில் அவர், கீழே உங்க ஊரில் இதெல்லாம் உண்டா என்று கேட்டிருக்கிறார். டெப்போவில் கூட வேலை பார்த்தவர்களிடம், பக்கத்து வீட்டுக்காரர்களிடம், பெற்ற பிள்ளைகளிடம்கூட ஆயுசு முழுக்கச் சொல்லாததை அப்பா அந்தச் சேற்றில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார்.

"எப்டி வாயில வந்துதுன்னே தெரியல. எங்கப்பா வெட்டிதான்னேன்."

பக்கத்து நிலத்துக்காரர் சந்தோஷப்பட்டிருக்கிறார். அப்போ உங்களுக்குப் பழக்கம்தான் என்றாராம். உங்க வீட்டிலிருந்து உங்கப்பாதான் போவாரா என்று கேட்டாராம். ஆமா, அவரேதான் போவார் என்றிருக்கிறார் அப்பா. எல்லா வெட்டிக்குமா? எல்லாத்துக்கும். மத்த வீட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் இல்லையா? வரமாட்டார்கள். ஒருத்தருமா? ஒருத்தரும்தான். ஊருக்கே எங்கப்பா ஒருத்தர்தான்.

அதைக் கேட்டு அந்த மனிதர் சட்டியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"இன்னா ஊருங்க அது. அத்தினி பேரு இருந்துனு ஒருத்தரையே வுடுவாங்களா? வெக்கமா இல்ல அவங்களுக்கு?"

அப்பா இதைச் சொல்லும்போது சிரித்தார். அவனுக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை என்றார். விளக்கியிருந்தால் காலனி, ஊர்த்தெரு, களத்துமேட்டில் விரித்த துண்டு என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த மனிதர் அதற்குள் அதை வரிசையில் அடுத்து நின்றவரிடம் சொல்லிவிட்டார். அவர் அடுத்தவரிடம் சொல்லியிருக்கிறார். ஊற்றைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பெயர்கூடத் தெரியாத அந்த ஊரைக் கொஞ்ச நேரம் திட்டித் தீர்த்தார்களாம். ஒரு பெண், உங்கப்பா ஒரு நாளாவது நான் வரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கணும் என்றாளாம். சாப்பாட்டு வரிசையில் அப்பாவுக்குத்தான் முதல் இலை போட்டிருக்கிறார்கள்.

சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். காவலூரில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிற நிலையத்தின் வெள்ளைக் கும்மட்டம் தூரத்தில் மரங்களுக்கு மேலே தெரிந்தது. அதைத்தான் பார்த்தாரா என்று தெரியாது.

"கேட்டான் பாரு, வெக்கமா இல்லையான்னு" என்றார். "அத எங்கப்பாக்காக இதுக்கு முன்ன ஒருத்தன்கூடக் கேட்டதில்லடா."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள், மூன்று பேரும் குடித்தோம்.

ராணிப்பேட்டையில் வேலை கிடைத்தது. பழையபடி சனிக்கிழமை ஏறி திங்கட்கிழமை இறங்குகிறேன். வார்த்தையைத் தேடுகிற ஆசை இன்னும் போகவில்லை. சென்ற மாதம்கூட, மலையில் தூரத்து ஊர்களிலிருந்து தடுப்பூசிக்கு வருகிற தாய்மார்களிடம், உங்க ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று மனைவியைக் கேட்கச் சொன்னேன். ஒரு ஊரில் வேறு ஏதோ வார்த்தை சொல்கிறார்களாம். அவள் கேட்டுவிட்டு வந்து மறந்துவிட்டாள். அடுத்த முகாமில் மறுபடி கேட்க வேண்டும்.

அப்பா அந்த வார்த்தையைப் பழகிக்கொண்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் அவர் வாயால் அதைச் சொல்வதில்லை, 'மேல அந்த வேலை' என்பார். படவேட்டுப் பக்கம் ஒருமுறை போய் வரலாமா என்று கேட்டேன், எதுக்கு என்றார். நானும் வற்புறுத்தவில்லை. தம்பி பிள்ளைகள் அந்த வார்த்தையைச் சொன்னால் முன்போல எழுந்து போவதில்லை. ஆனால் முகம் மாறுகிறது.

நான் வாரநாட்களில் மலையில் இல்லாததால், எங்கள் வீட்டு முறைக்கு யார் வருவது என்ற கேள்வி இந்த மழைக்காலத்தில் வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் என்னைக் கேட்கவில்லை. அப்பாவின் நம்பர் அவரிடம் இருக்கிறது, அவருக்கே போன் பண்ணிவிடுகிறார். ஆனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டாம், இத்தனை வயதுக்கு மேல் என்றால் அந்த ஆளைக் கூப்பிடுவதில்லை. அப்பாவின் வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இனிமே நீங்க வரவேணாம் பெரியவரே, சாப்பாட்டுக்கு மட்டும் வாங்க என்று சொல்லிவிட்டார். அப்பா விடவில்லை. ரெண்டு நாளாகப் போனில் அவரோடு சண்டை பிடித்தார். வேலை செய்யாமல் எப்படிச் சாப்பிட உட்காருவது என்று கேட்டார். கடைசியில் வேலைக்கு வந்தவர்கள் கட்டிப்போட்ட மாடுகளைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என்று ஏதோ ஒரு வேலைக்கு இருவரும் ஒத்துப்போனார்கள்.

தம்பி எனக்குப் போன் பண்ணினான். முதல் பஸ்ஸுக்கே அப்பா கிளம்பிவிட்டார், சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை, அண்ணியிடம் சொல்லிவிடு என்றான்.